மைக்கேல்சன் கிட் வாங்கலாமா? கடலூர், புதுச்சேரி ஆய்வகங்களுக்காக ஒரு மதிப்பீடு

மைக்கேல்சன் குறுக்கீட்டுமானி என்பது ஒளியை இரண்டாகப் பிரித்து, இரண்டு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பியதும் மீண்டும் சேர்த்து, திரையில் ஒளியும் இருளுமான வளையங்களாகக் காட்டும் கருவி. கல்லூரி ஒளியியல் ஆய்வகத்துக்கு அதற்கான கொட்டேஷன் கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரி கிட்தான் வருகிறது: அலுமினிய அடிப்பலகை, இரண்டு கண்ணாடிகள், ஒளியை இரண்டாகப் பிரிக்கும் ஒரு பீம் ஸ்ப்ளிட்டர், கண்ணாடியை நகர்த்தும் மைக்ரோமீட்டர் திருகு, 650 நானோமீட்டர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய சிவப்பு டயோடு லேசர், வெள்ளைத் திரை, இவற்றை வைக்க ஒரு பெட்டி. கம்பெனிக்குக் கம்பெனி பெயர்த்தகடு மாறும், உள்ளே இருப்பது மாறாது. அதனால் இங்கே எந்த பிராண்டையும் சொல்லவில்லை. கடைசல் வேலை நன்று, லேசர் சுமார், பெட்டி உதவாது. விலைக்கு இதை வாங்கலாம். ஆனால் அதோடு இன்னும் சில சாமான் வாங்காவிட்டால் முதல் ஐப்பசி மழையிலேயே பல்லிளித்துவிடும்.

கிட்டின் உயிர் மைக்ரோமீட்டரில் இருக்கிறது. அது கண்ணாடியை நேராகத் தள்ளுவதில்லை. நடுவில் ஒரு நெம்புகோல் இருந்து நகர்வைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கிறது. கண்ணாடி அரை அலைநீளம் நகர்ந்தால் ஒரு வளையம் மறையும். ஹீலியம்-நியான் லேசரின் 632.8 நானோமீட்டருக்கு 100 வளையம் எண்ணினால் கண்ணாடி 31.64 மைக்ரோமீட்டர் நகர்ந்திருக்கும்; மைக்ரோமீட்டர் தலையில் அது 0.316 மில்லிமீட்டர், அதாவது 31, 32 கோடுகள். கையேட்டில் அச்சடித்திருக்கும் 0.1 என்ற எண்ணை அப்படியே நம்பாமல் இப்படி ஒருமுறை சரிபார்த்து, உங்கள் கிட்டுக்கான எண்ணைக் கண்ணாடித் தாங்கியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். எண்ணும்போது திருகை ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். முதல் ஐந்தாறு வளையத்தை விட்டுவிட்டு எண்ணத் தொடங்குங்கள். நடுவில் பின்னால் திருப்பினால் மரையின் தளர்வு கணக்கில் ஏறிவிடும், ரீடிங்கே வீண்.

கூட வரும் டயோடு லேசரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது கடினம். ஸ்டிக்கரில் 650 என்று இருக்கும். உள்ளே இருப்பது 640 ஆகவும் இருக்கலாம், 660 ஆகவும் இருக்கலாம். மாணவர் ரெக்கார்டில் மட்டும் எப்போதும் 650 வந்துவிடுகிறது, எப்படி என்று கேட்க வேண்டாம். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் அலைநீளம் சுமார் 0.2 நானோமீட்டர் நகரும். சில சமயம் லேசர் ஒரு மோடிலிருந்து (அலைநீளத்திலிருந்து) இன்னொன்றுக்குத் தாவி, வளையங்கள் திடீரென்று குதிக்கும் அல்லது மங்கிப்போகும். போட்டு பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து எடுக்கும் ரீடிங்கைத்தான் நம்பலாம். கருவியின் இரண்டு கைகளின் (பீம் ஸ்ப்ளிட்டரிலிருந்து ஒவ்வொரு கண்ணாடி வரையுள்ள தூரம்) நீளத்தையும் ஸ்கேல் வைத்து ஓரிரு மில்லிமீட்டருக்குள் சமமாக்குங்கள். பட்டன் செல்லில் ஓட்டாதீர்கள், நிலையான வோல்ட்டேஜ் சப்ளை வையுங்கள். இன்னொரு சிக்கல்: இந்த அமைப்பில் ஒளியின் ஒரு பகுதி திரும்பி லேசருக்குள்ளேயே போகும். டயோடுக்கு அது ஆகாது. திரும்பும் புள்ளி லேசரின் துவாரத்தில் நேராக விழாதபடி லேசரை இம்மியளவு சாய்த்தால் ஆட்டம் குறையும். ஆய்வகத்தில் பழைய ஹீலியம்-நியான் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், கிட்டில் வந்த டயோடு பெட்டியிலேயே இருக்கட்டும்.

வளையம் வரவைப்பது பழகினால் ஐந்து நிமிட வேலை. லேசருக்கு முன்னால் ஒளியை விரிக்க வைக்கும் லென்ஸை எடுத்துவிட்டால் திரையில் புள்ளிகள் இரண்டு கூட்டமாகத் தெரியும். நிலையான கண்ணாடியின் பின்னால் உள்ள இரண்டு திருகுகளால் மிகப் பிரகாசமான புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அந்தப் புள்ளி மினுக்கத் தொடங்கும். அப்போது லென்ஸை வையுங்கள். வளைந்த கோடுகள் மட்டும் தெரிந்தால் மையம் வெளியே இருக்கிறது என்று பொருள். கோடு எந்தப் பக்கம் குழிந்திருக்கிறதோ அந்தப் பக்கத்து மையத்தைத் திருகால் உள்ளே இழுக்க வேண்டும்.

பீம் ஸ்ப்ளிட்டரின் பூச்சு எந்த முகத்தில் இருக்கிறது என்று பல கிட்களில் குறிப்பதே இல்லை. பென்சில் நுனியைத் தொடாமல் மேற்பரப்புக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். நுனியும் பிம்பமும் கிட்டத்தட்ட ஒட்டி நின்றால் பூச்சு இந்தப் பக்கம். நடுவே கண்ணாடித் தடிமனுக்கு இடைவெளி தெரிந்தால் அந்தப் பக்கம். இரண்டு பாதையிலும் கண்ணாடித் தடிமனைச் சமமாக்கும் ஈடுசெய்யும் தகடு கிட்டில் கிடையாது. லேசருக்கு அது தேவையில்லை என்பது உண்மைதான். வெள்ளை ஒளியில் வளையம் காட்ட நினைப்பவர்கள் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அடிப்பலகையின் கீழே தரும் ரப்பர் குமிழ்கள் பெயருக்குத்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கட்டடமோ மஞ்சக்குப்பத்து மாடியோ, பஸ் போனால் வளையம் நடுங்கும். சமையல் மேடைக்குப் போடும் கறுப்பு கிரானைட் இரண்டுக்கு மூன்று அடி, 20 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு பலகை வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மொத்தம் 60 கிலோ வரும். அடியில் பாதிக் காற்று அடைத்த ஸ்கூட்டர் டியூப். டியூபைக் கல்லாக அடைத்துவிட்டால் பயனில்லை, கையால் அழுத்தினால் கல் மெதுவாக ஊஞ்சலாட வேண்டும். ஏசி காற்று நேராக மேஜைமேல் விழக்கூடாது. ஒரு கை மட்டும் ஒரு டிகிரி சூடானால் 20 சென்டிமீட்டர் அலுமினியம் 4.6 மைக்ரோமீட்டர் நீளும். யாரும் திருகைத் தொடாமலே 14 வளையம் ஓடிவிடும்.

இனி ஈரம். ஒளியியலுக்கும் புதுச்சேரி வானத்துக்கும் ஆகாது என்பது 1769 ஜூனிலேயே தெரிந்த கதை. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க இங்கே காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீலுக்கு மேகம்தான் கிடைத்தது. ஆய்வகத்துக்குள் எதிரி பூஞ்சை. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் லென்ஸில் சிலந்திவலை போன்ற இழைகள் படரும். அது விடும் அமிலம் பூச்சை அரிக்கும், பிறகு துடைத்தும் பலனில்லை. 2011 தானே, 2024 ஃபெஞ்சல் போன்ற புயல் நாட்களில் கரண்டும் இல்லை, ஏசியும் இல்லை. கிட்டோடு வரும் பெட்டியில் உள்ள ஸ்பாஞ்சு ஈரத்தை உறிஞ்சிக் கண்ணாடியின்மேலேயே பிடித்து வைக்கிறது. பொருளை அதிலிருந்து எடுத்து, மூடி இறுகும் டப்பாவில் நீலச் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் மணிகள் இளஞ்சிவப்பானால் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம், நீலம் திரும்பிவிடும்.

முன்பக்கம் அலுமினியம் பூசிய கண்ணாடியை எக்காரணம் கொண்டும் வேட்டித் துணியால் துடைக்காதீர்கள். பாதுகாப்புப் பூச்சு இல்லாதது என்றால் ரப்பர் பல்பால் காற்று ஊதுவதோடு சரி. பாதுகாப்புப் பூச்சு உள்ளதில் லென்ஸ் டிஷ்யூவை விரித்து, ஒரு சொட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டு, அழுத்தாமல் ஒரே இழுப்பு. அதே டிஷ்யூ இரண்டாம் முறை கூடாது. அசிட்டோன் அக்ரிலிக் தாங்கிகளைக் கரைத்துவிடும்.

கூடுதல் விலைக்குத் தரும் காற்றுச் செல் (ஒளிப் பாதையில் வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றும் சிறு அறை) மட்டும் நிஜமாகவே மதிப்புள்ளது. 5 சென்டிமீட்டர் செல்லில் கைப்பம்பால் 600 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் குறைத்தால், ஹீலியம்-நியான் ஒளியில், நம்மூர் 30 டிகிரியில் 33 வளையம் வரை நகர வேண்டும். 25தான் வருகிறது என்றால் ஓ-ரிங்கில் கசிவு. துளி வேக்கம் கிரீஸ் போதும்.

ஆர்டர் கொடுக்குமுன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: கண்ணாடியில் பாதுகாப்புப் பூச்சு உண்டா, அடிப்பலகைத் துளைகள் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் எம்6 மரையா அல்லது அங்குல மரையா, பீம் ஸ்ப்ளிட்டர் மட்டும் தனியாக ஸ்பேர் கிடைக்குமா. எம்6 போல்ட்டை அங்குல மரையில் முறுக்கினால் ஓரிரு சுற்று ஏறிவிட்டுப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அலுமினியப் பலகையின் மரையே போய்விடும்.