கொய்யாவுக்கு வாங்கிய இரண்டு வலைகள்

கொல்லையில் நான்கு கொய்யா மரங்கள். பழுக்கிற சமயத்தில் பொழுது சாய்ந்ததும் வௌவால்கள் வந்துவிடும். குட்டை மூக்கு வௌவால். பழந்தின்னிகளில் சிறிய இனம். பழத்தைக் கவ்விக்கொண்டு பக்கத்து நெட்டிலிங்க மரத்துக்குப் போய், தொங்கியபடியே மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும். விடிந்து பார்த்தால் மரத்தடி முழுக்கச் சக்கையும் விதையும்தான்.

போன மாசியில் மெல்லிய நைலான் பறவை வலை வாங்கினேன். "எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க" என்றார் கடைக்காரர். கண்ணி இரண்டு விரல் அகலம், விலையும் குறைவு. மூன்றாம் நாள் காலையில் ஒரு தாய் வௌவால் சிக்கிக் கிடந்தது, வயிற்றோடு ஒட்டியபடி குட்டி. கையில் தடித்த துண்டைச் சுற்றிக்கொண்டு வலையை வெட்டி எடுத்தோம். இறக்கைச் சவ்வு கிழிந்திருந்தது. இரண்டுமே பிழைக்கவில்லை. ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி போடும் பிராணி அது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இந்த வௌவால்கள் பூச்சி தின்னும் வௌவால்களைப் போல எதிரொலியை நம்பிப் பறப்பதில்லை. கண்ணும் மூக்கும்தான் துணை. பழ வாசனை இழுக்கும், இருட்டில் அந்த நூல் தெரியாது. தயவுசெய்து அந்த வலையை வாங்காதீர்கள்.

அப்புறம் வாங்கியது 40 மெஷ் வெள்ளைப் பூச்சி வலை, நாற்றங்காலுக்குப் போடுவார்களே, அதுதான். கண்ணி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமரங்களுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் கண்ணியுள்ள வலை போடக் கூடாதென்று 2021 முதல் சட்டமே இருக்கிறது. சுண்டுவிரல் நுழைந்தால் அந்த வலை ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பருவம் முழுக்க எதுவும் சிக்கவில்லை. பழ ஈயும் அண்டவில்லை, அதனால் புழு இல்லாத பழம் கிடைத்தது. விலைதான் இரண்டு மடங்குக்கு மேல். காற்றில் கப்பல் பாய் போல உப்பும், மூங்கில் நட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். பூவில் இருக்கும்போது மூடினால் தேனீ நுழையாது. பிஞ்சு பிடித்த பிறகே மூடுங்கள்.

மூன்று மரங்களைத்தான் மூடினேன். நான்காவது வௌவால்களுக்கு. வேலியோரம் யாரும் நடாமலே இரண்டு அத்திக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. அவை கொண்டுவந்த விதையாகத்தான் இருக்கும். இந்த மாசிக்கும் அதே வலையைத்தான் அலசிக் காயவைத்திருக்கிறேன், எங்கும் கிழியவில்லை.