மெரியம்-வெப்ஸ்டர் தளத்தில் 'ஃபுல்சம்': முதல் பொருளோடு நிறுத்தாதீர்கள்

பணி நிறைவு விழாவுக்கு ஆங்கிலத்தில் பாராட்டு மடல் எழுதுகிறீர்கள். 'ஃபுல்சம் பிரெய்ஸ்' (fulsome praise) என்று போடலாமா? மெரியம்-வெப்ஸ்டரின் இலவச இணைய அகராதியைச் சோதித்துப் பார்க்க இந்தப் பெயரடை மிகப் பொருத்தம். உள்ளே 'ஃபுல்' இருப்பதால் வாயாரப் பாராட்டுவது என்றுதான் தோன்றும். படிப்பவரோ முகஸ்துதி என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

தளத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது 'ஏராளமான, தாராளமான' என்ற பொருள். அளவுமீறிய புகழ்ச்சி என்பது நான்காவதாகத்தான் வருகிறது. பலரும் சறுக்குவது இங்கேதான். இந்த அகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்குகிறது. முதலில் தோன்றியது முதலில் நிற்கும். இன்று அதிகம் வழங்குவது எது என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஆகவே பக்கத்தைக் கீழே தள்ளி, பயன்பாட்டுக் குறிப்பைக் கட்டாயம் படியுங்கள். தளத்தின் அருமையே அதில்தான் இருக்கிறது. 'ஏராளம்' என்ற பழைய பொருள் 19-ஆம் நூற்றாண்டில் வழக்கொழிந்ததாகக் கருதப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டில் மீண்டும் தலைதூக்கியது. அந்த மறுவருகையின் தொடக்கத்தை அன்றைய பெரிய அகராதிகள் கவனிக்கத் தவறியதால் சர்ச்சை முற்றியது. 'ஃபுல்சம் பிரெய்ஸ்' என்றால் உண்மைப் பாராட்டா, வெறும் முகஸ்துதியா என்று சூழல் தெளிவாக இல்லாவிட்டால் புரியாது என்பதையும் அந்தக் குறிப்பு ஒளிக்காமல் சொல்கிறது. சொல்லின் வரலாற்றை இவ்வளவு நேர்மையாக விளக்கும் இலவச அகராதி கிடைப்பது நமக்குப் பெரிய வரம்.

குறைகளும் உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியங்களில் பல, செய்தித் தளங்களிலிருந்து தானாகத் திரட்டப்பட்டவை. அவற்றை இலக்கணச் சான்றாகக் கொள்ளாதீர்கள். உச்சரிப்புக்கு அமெரிக்க ஒலியும் அந்த அகராதியின் சொந்தக் குறியீடுகளும்தான். அவசரமாக எழுதுபவருக்கு ஆங்கிலம் கற்போருக்கான ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதித் தளமே தோது: 'குறைகூறும் தொனி' என்ற முத்திரையை அது பொருளோடு சேர்த்தே தந்துவிடுகிறது, பிரிட்டிஷ் உச்சரிப்பும் இருக்கிறது.

மடலில் 'வார்ம்' அல்லது 'ஜெனரஸ்' என்று எழுதுங்கள். மன்னிப்புக் கடிதத்தில் 'ஃபுல்சம் அபாலஜி' இன்னும் ஆபத்து. கேட்ட மன்னிப்பே வெறும் நடிப்பாகப் படும்.