அம்மாவின் முழங்காலும் மதுரையில் ஒரு சைக்கிள் வேட்டையும்

இந்த முறை ஊருக்குப் போன லீவில் பாதி, அம்மாவுக்கு ஒரு உடற்பயிற்சி மெஷின் வாங்குவதிலேயே போய்விட்டது. சிங்கப்பூரிலிருந்து மதுரைக்கு நேரடி விமானம் இருக்கிறதே என்று பெட்டியில் எதை எதையோ அடைத்துக்கொண்டு வருகிறோம். இதை மட்டும் ஊரில்தான் வாங்கியாக வேண்டும்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முன்பெல்லாம் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பார். இப்போது ஒரு சுற்று முடிவதற்குள் எங்கே உட்காரலாம் என்று பார்க்கிறார். சர்க்கரையும் இருப்பதால் சும்மா இருக்கவும் முடியாது. அண்ணா நகரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். காத்திருப்பு வழக்கம்போல நீளம்தான், ஆனால் அந்தப் பிசியோ பெண் அவசரப்படாமல் பேசினார். நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப் போல 2, 3 மடங்கு பாரம் விழும், உட்கார்ந்து சைக்கிள் மிதித்தால் ஏறக்குறைய 1 மடங்குதான் என்றார். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு 4 கிலோ பாரம் மிச்சமாம். அம்மாவுக்குப் பிடித்துப்போனது இந்தக் கணக்குதான். ஆட்டோவில் வரும்போதே 10 கிலோ குறைத்தால் 40 என்று பெருக்கிப் பார்த்துவிட்டார்.

கே.கே. நகரிலும் பைபாஸ் ரோட்டிலும் ஏறி இறங்கிய கடைகளில் முதலில் காட்டுவது டிரெட்மில்தான். "குஷன் இருக்குக்கா, மூட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். குஷன் அதிர்ச்சியைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். உடம்பின் முழுப் பாரமும் காலில்தான் நிற்கிறது. போதாக்குறைக்கு எங்கள் தெருவில் வோல்டேஜ் ஏறி இறங்கும், ஸ்டெபிலைசர் வேறு வாங்க வேண்டும். எலிப்டிகல் என்பது நடப்பதுபோல் இரண்டு பெடலையும் மாற்றி மாற்றி மிதிக்கும் மெஷின். அதில் பாதம் பெடலை விட்டு எழாது, அதனால் தரையில் மோதும் அதிர்வு இல்லை. என் வயதுக்காரர்களுக்குச் சரி. ஆனால் நின்றபடி மிதிக்க வேண்டும், ஏறி இறங்கத் தடுமாறாமல் இருக்க வேண்டும். பெடல் மேலே வரும்போது ஆளே ஒரு அடி உயர்ந்துவிடுவதால் சீலிங் ஃபேனுக்கு அடியில் போட முடியாது. மதுரை வெயிலில் ஃபேனை விட்டு ஒதுங்கி யார் பயிற்சி செய்வது? துடுப்பு வலிப்பதுபோல் இழுக்கும் ரோயிங் மெஷின் பக்கமே போகவில்லை. சீட் தரையோடு தரையாக இருக்கிறது, முழங்காலையும் நன்றாக மடக்க வேண்டும்.

மிச்சம் சைக்கிள். சாதாரண நிமிர்ந்த மாடலில் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஹேண்டிலைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். கொசுவம் தடுத்தது. "எம்மாடி, இந்தக் கம்பியத் தாண்டணுமா?" என்று இறங்கிவிட்டார். கடைப் பையன் உடனே சீட்டைத் தாழ்த்தினான். அங்கேதான் சிக்கல். சீட் தாழ்ந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அதிகம் மடங்கும், வலிக்கிற மூட்டுக்கு அதுதான் ஆகாது. பெடல் அடியில் இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். அந்த அளவுக்குச் சீட்டை உயர்த்தினால் அம்மாவால் ஏற முடியாது.

கடைசியில் குடோனிலிருந்து ரீகம்பன்ட் சைக்கிள் ஒன்றை இழுத்து வந்தார்கள். முதுகு சாய்க்கலாம், பெடல் முன்னால் இருக்கும், குறுக்கே கம்பி கிடையாது. அம்மா புடவையோடு பக்கவாட்டில் உட்கார்ந்து, திரும்பி, காலை உள்ளே வைத்தார். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி அளவு வைத்தோம். மேக்னட்டிக், அதாவது மிதிக்கும் இறுக்கத்தைக் காந்தம் கொடுக்கிறது என்பதால் சத்தம் இல்லை. மீட்டருக்கு பென்சில் பேட்டரி போதும், கரண்ட் போனாலும் ஓடும். நிமிர்ந்த மாடலைவிட விலை கூடுதல், இடமும் அடைக்கும். எனக்குக் கணக்கு ஒன்றுதான், ஆள் ஏற முடியாத மெஷின் எந்த விலையிலும் தண்டம். வீட்டில் மிதிக்கும்போது சுடிதார் பேன்ட் போட்டுக்கொள்வது என்று பேச்சு. புடவைக் கரை பெடல் வாரில் சிக்கும்.

சேவை பற்றிச் சொல்ல வேண்டுமே. விற்கிற வரைக்கும் மதுரைக் கடைகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. டீ வந்தது, மறுநாளே குட்டியானையில் பொருளும் வந்தது. மாட்டிக் கொடுக்க வந்த தம்பிகள்தான் அவசரக்காரர்கள். போன பிறகு மிதித்தால் இடது பக்கம் 'டக் டக்' என்று சத்தம். கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பரில் புகார் எண் கொடுத்தார்கள், கோயம்புத்தூரிலிருந்து ஆள் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். நான் வாங்காமல் வந்த ஒரு கடையின் மெக்கானிக் அண்ணன் அன்று சாயங்காலமே ஸ்கூட்டரில் வந்தார். இடது பெடலுக்குத் திருகு மறை தலைகீழ், இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். வந்தவர்கள் அதைக் கோணலாகத் திணித்திருக்கிறார்கள். பெடல் நுனியில் பொறித்திருந்த 'எல்' எழுத்தைக் காட்டி, கழற்றி, மறையைத் துடைத்து, முதலில் கையாலேயே திருப்பி ஏற்றினார். இன்னும் நாலு நாள் இப்படியே மிதித்திருந்தால் பெடல் மாட்டும் கிராங்க் தண்டையே மாற்ற வேண்டி வந்திருக்கும் என்றார். 300 ரூபாய் கேட்டார். தாராளமாகக் கொடுக்கலாம்.

அவர் கிளம்பும்போது எதிர்வீட்டு மதினி வாசலில் மறித்து நம்பர் வாங்கிக்கொண்டார். அவர் வீட்டு டிரெட்மில் பெல்ட் பிடித்துப் பிடித்து ஓடுகிறதாம். பெல்ட்டுக்கு அடியில் எப்போது சிலிக்கான் ஆயில் விட்டீர்கள் என்று கேட்டார் மெக்கானிக். "ஆயில் வேற விடணுமா?" என்றார் மதினி.