கேரட் தோட்டத்துக்குத் தெளிப்பானா, சொட்டுநீரா?

நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம் விவசாயியைக் கேட்டால் தெளிப்பான்தான் என்பார். காரணம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும்போது, விடியற்காலையில் தெளிப்பானைத் திறந்து, வெயில் படுவதற்குள் இலைமேல் வெள்ளையாய்ப் படிந்த பனியைக் கழுவிவிடுவார்கள். சொட்டுநீர்க் குழாய் அந்த வேலைக்கு உதவாது. நெருக்கி விதைத்த கேரட்டுக்கு வரிசைக்கு வரிசை குழாய் போட்டு, அறுவடைக்கு முன்னால் எல்லாவற்றையும் சுருட்டி எடுக்கும் கூலியும் சும்மா இல்லை.

தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்கும் அதே ஓடையில் கீழே குடிநீர் எடுக்கும் ஊர்க்காரருக்குக் கணக்கு வேறு. மார்ச் மாதத்தில் மேலே நாலு தெளிப்பான் சேர்ந்து சுற்றினால் கீழே குடம் நிறையாது. காற்றில் பறக்கும் தண்ணீர் யாருக்கும் இல்லை. சொட்டுநீரில் அந்த வீணடிப்பு குறைவு. இலை நனையாததால் உருளைக்கிழங்கில் பின்கருகல் நோய்க்கும் கொஞ்சம் தடை.

சரிவில் ஒரு சங்கதி: 10 மீட்டர் இறக்கத்துக்குக் குழாய்த் தண்ணீரின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் (bar, அழுத்த அலகு) கூடும். குழாயிலிருந்து நீரைச் சொட்டவிடும் சாதாரணச் சொட்டுவான் போட்டால் கீழ்ப்பாத்தி சேறாகும், மேல்பாத்தி காயும். அழுத்தம் சமன்செய்யும் சொட்டுவான்தான் வேண்டும், விலை கூடுதல். தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்கு (சொட்டுநீர், தெளிப்பான் இரண்டும் இதில் சேரும்) சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு, மற்றவர்களுக்கு 75.

மண் ஈரம் காட்டும் சென்சார்? இரண்டோடும் சேரும். ஆனால் மண்ணைப் பிடித்துப் பார்க்கும் பாட்டியை அது இன்னும் ஜெயிக்கவில்லை.

என் ஓட்டு: தேயிலை இளங்கன்றுக்குச் சொட்டுநீர், கேரட்டுக்குச் சிறுதெளிப்பான், அதுவும் காற்றில்லாத காலையில் மட்டும்.