கிளைடர் டிரெய்லர் மூடி: கேஸ் ஸ்பிரிங்கா, மோட்டாரா, வின்ச்சா?

கிளைடர் என்பது இன்ஜின் இல்லாத விமானம்; இறக்கையைக் கழற்றி அதை ஏற்றிச் செல்லும் டிரெய்லரின் மூடி ஏழெட்டு மீட்டர் நீளம் இருக்கும். வண்டியோடு கோக்கும் மூக்கு ஓரத்தில் கீல். பின்பக்கம் முதலை வாயைப் பிளந்த மாதிரி மேலே எழும். கோப்ரா, கொமெட் போன்ற டிரெய்லர்கள் எல்லாம் இந்த வகைதான். இவ்வளவு பெரிய மூடியை ஒரே ஆள் தூக்க முடிகிறது என்றால், கீலுக்குப் பக்கத்தில் இருபுறமும் நிற்கிற இரண்டு கேஸ் ஸ்பிரிங்குகள்தான் காரணம். கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கிற கறுப்புக் குழாயின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குளிர்காலக் காலையில் எங்கள் டிரெய்லரைத் திறந்து, இறக்கையைக் கட்டியிருந்த பட்டையை அவிழ்க்க உள்ளே குனிந்தேன். முதுகில் ஏதோ மெல்லச் சாய்ந்தது. யாரோ கை வைத்தார்கள் என்று நினைத்தேன். மூடி! தடாலென்று விழவில்லை. சத்தமே இல்லாமல் இறங்கி வந்து என் மேல் உட்கார்ந்திருந்தது. அடியில் நான் இல்லாமல் பாதி இழுத்த இறக்கை இருந்திருந்தால், அந்த மெல்லிய பின்விளிம்பு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அன்றிலிருந்து இந்தப் பழுதுக்கு என்னென்ன வழி உண்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது இதுதான்: இந்த அமைப்புக்கு வேலை இரண்டு. ஒன்று தூக்குவது. இன்னொன்று தாங்குவது. ஒரே பொருள் இரண்டையும் செய்யும் என்று நம்பியதுதான் எங்கள் தப்பு. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டு கேள்வியோடுதான் எடை போடுகிறேன்.

முதலில் கேஸ்தான் போய்விட்டதா என்று பாருங்கள். ராடில், அதாவது குழாயிலிருந்து நீண்டு வரும் தண்டில், எண்ணெய்க் கசிவு தெரிந்தால் சீல் (கேஸை உள்ளே அடைத்து வைக்கும் வளையம்) போயிற்று. எண்ணெயே இல்லை, ஆனால் மூடி ஒரு பக்கமாகத் திருகி எழுகிறது என்றால் ஒரு ஸ்பிரிங் மட்டும் செத்திருக்கலாம். இரண்டும் இல்லையா? ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டை ஆட்டிப் பாருங்கள். ரிவெட் தளர்ந்திருக்கும், பின் (இணைப்பு ஆணி) போகும் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும், அல்லது கீல் துருப்பிடித்து இறுகியிருக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் புது ஸ்பிரிங் போட்டால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

சரி, கேஸ்தான் போயிற்று. அப்படியென்றால் முதல் வழி, புது கேஸ் ஸ்பிரிங். மற்ற எல்லா வழிகளையும் விட இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலானோர் இதைத்தான் வாங்குகிறார்கள், தப்பாகவும் வாங்குகிறார்கள்.

உள்ளே இருப்பது நைட்ரஜன். ராடின் குறுக்குப் பரப்பின் மேல் அந்த அழுத்தம் தள்ளுவதுதான் விசை. 14 மில்லிமீட்டர் ராடின் பரப்பு 1.54 சதுர சென்டிமீட்டர். 1900 நியூட்டன் தள்ள வேண்டுமானால் உள்ளே 120 பாருக்கு மேல் அழுத்தம் இருக்க வேண்டும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். செத்துப்போன ஸ்பிரிங்கைக்கூட ஓட்டை போடவோ, அறுக்கவோ, வெல்டிங் பக்கத்தில் கொண்டுபோகவோ கூடாது என்பது இதனால்தான்.

குழாயின் மேல் நியூட்டன் கணக்கு அச்சடித்திருந்தால் அதையே கேட்டு வாங்கலாம். பல வருடம் வெயில் பட்ட டிரெய்லரில் அந்த எழுத்து அழிந்திருக்கும். அப்போது அளக்க வேண்டியதுதான். கிளைடரை வெளியே எடுத்துவிட்டு, ஸ்பிரிங்குகளைக் கழற்றிய நிலையில், மூடியின் பின்நுனியில் ஒரு தொங்கு தராசை மாட்டி, மூடி தான் உட்கார்ந்திருக்கும் விளிம்பிலிருந்து விலகும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். தராசு 26 கிலோ காட்டுகிறது, கீலிலிருந்து நுனி வரை 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 26 × 9.8 × 8, சுமார் 2040 நியூட்டன் மீட்டர். கீலைச் சுற்றி மூடி கொடுக்கும் திருப்புவிசை இது. மூடியின் எடைமையம் எங்கே என்று தேடித் திரிய வேண்டியதில்லை, தராசே அதைச் சேர்த்துச் சொல்லிவிட்டது.

அடுத்து, ஸ்பிரிங்கின் மேல், கீழ் போல்ட்டுகளுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். கீலின் அச்சு ஆணியிலிருந்து அந்த நூலுக்குச் செங்குத்தாக எவ்வளவு தூரம்? அதுதான் நெம்புகோலின் கை. இதை மூடி மூடியிருக்கும்போது ஒரு முறை, முழுக்கத் திறந்திருக்கும்போது ஒரு முறை என்று அளக்க வேண்டும், ஏனென்றால் கோணம் மாற மாற இது மாறும். நம் உதாரணத்தில் மூடியபோது 45 சென்டிமீட்டர், 35 டிகிரி திறந்தபோது 50 என்று வையுங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். குழாயில் போட்டிருக்கும் விசை, ராடு ஏறக்குறைய முழுக்க நீண்ட நிலைக்கு உரியது. உள்ளே அமுங்கும்போது அது கூடும். 30 சதவீதம் வரை கூடுவது சகஜம். திறந்த நிலையில் மூடி சாய்ந்து நிற்பதால் அதன் சுமை சுமார் 1670 நியூட்டன் மீட்டராகக் (2040 × cos 35°) குறைந்திருக்கும். 1700 நியூட்டன் ஸ்பிரிங் இரண்டு போட்டால், கை அரை மீட்டர் என்பதால், 2 × 1700 × 0.5, அதாவது 1700 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். போதும் போலத் தெரிகிறது, இல்லையா? ஆனால் அந்த 1700 என்பது 20 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. பூஜ்ஜிய டிகிரியில் வாயு சுருங்கி விசை சுமார் 7 சதவீதம் விழும், 1580தான் மிஞ்சும். மூடி இறங்கி முதுகில் உட்காரும். எனக்கு நடந்தது இதேதான்.

1900 போட்டால் குளிரிலும் 1760-க்கு மேல் நிற்கிறது. மூடிய நிலையில் அது பின்நுனியை இரண்டு கிலோ அளவுக்கு மேலே தள்ளும். பூட்டுக்கு அது ஒரு பாரமே இல்லை. 'பலமாகவே இருக்கட்டும்' என்று 2500 வாங்கினால்? பின்நுனியில் 11 கிலோ மேல்நோக்கித் தள்ளும். பூட்டைத் திறந்ததும் மூடி துள்ளி எழும், மூடும்போது தொங்க வேண்டும், அந்த நீளமான மெல்லிய மூடி நடுவில் வளையும், ரிவெட்டுகள் ஒவ்வொன்றாகக் கழலும். பலத்தைக் கூட்டிக் குளிரைச் சமாளிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, கணக்குக்கு மேலே பத்துப் பதினைந்து சதவீதம் போதும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது மூன்று. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பழசும் ஒரு புதுசும் சேர்ந்தால் மூடி திருகும். ராடு கீழ்நோக்கி இருக்கட்டும், அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும். டிரெய்லர் மாதக்கணக்கில் மூடியே நிற்பதால், மூடிய நிலையில் ராடு எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். அப்புறம், ராடில் பெயின்ட் படக்கூடாது, ஸ்பேனர் உரசக்கூடாது. நகம் தட்டுப்படுகிற ஒரு கீறல் போதும், அது ஒவ்வொரு முறையும் சீலைக் கடந்து போய் அதை அறுத்துவிடும்.

பழைய ஸ்பிரிங்கில் மறுபடி கேஸ் நிரப்புவது இரண்டாவது வழி. வால்வோடு வரும் ஸ்பிரிங்குக்கு இது சரி. சிலர் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தில் வாங்கி, மாட்டிய பிறகு வால்வு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவார்கள். நல்ல முறை அது. வால்வு இல்லாததில் ஓட்டை போட்டு நிரப்புவது வேறு கதை. கேஸ் போனதற்குக் காரணமே சீல்தான். சீல் அப்படியே இருக்க, கேஸை மட்டும் நிரப்பினால் அது மறுபடி போகும். அந்த வழியை நான் தொடமாட்டேன்.

மூன்றாவது, 12 வோல்ட் மோட்டார். பட்டனை அழுத்தினால் திருகுத்தண்டு நீண்டு மூடியைத் தூக்கும். இதன் பெரிய பலம், தாங்குவதிலும் இது கெட்டி. சாதாரணத் திருகுமறை உள்ள வகையில் மின்சாரம் நின்றாலும் தண்டு அப்படியே நிற்கும்; குளிரும் அதை ஒன்றும் செய்யாது. இடுப்பு வலி உள்ளவர்கள் இதை விரும்புவதை நான் முழுக்கப் புரிந்துகொள்கிறேன். ஆனால் இரண்டு மோட்டார்கள் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். சுமை கொஞ்சம் வேறுபட்டாலே ஒன்று முந்தும், மூடி முறுக்கிக்கொள்ளும். இரண்டின் நிலையையும் பார்த்து ஓட்டுகிற கன்ட்ரோலர் வேண்டும். இவ்வளவு சுமை தூக்கும் மோட்டார் நொடிக்கு ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர்தான் நகரும். அரை மீட்டர் நீளக் கிட்டத்தட்ட ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். மழை திடீரென்று பிடித்துக்கொண்டால் அந்த ஒரு நிமிடம் மிக நீளமானது.

எனக்கு இதில் உண்மையான பயம் வேறு. கையால் மூடும்போது ஏதாவது இடறினால் உள்ளங்கைக்கு உடனே தெரியும். இறக்கை நுனி ஒரு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கை அங்கேயே நின்றுவிடும். மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. அது இருநூறு கிலோவுக்கு மேலான விசையோடு இழுத்து மூடிக்கொண்டே போகும். பேட்டரி இறங்கியிருந்தால் திறக்கவே முடியாது என்ற சங்கடம் தனி.

நான்காவது, கை வின்ச்சும் (கைப்பிடியைச் சுற்றிக் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் கருவி) கம்பிக்கயிறும். பழைய டிரெய்லரில் பிராக்கெட் மாட்ட நல்ல இடம் இல்லாதவர்கள் இதை யோசிப்பார்கள். தூக்கும் வேலையைப் பொறுமையாக, உறுதியாகச் செய்யும். எதுவும் கசியாது, அழுத்தமும் இல்லை. ஆனால் கயிற்றால் இழுக்க மட்டும்தான் முடியும், தள்ளிப் பிடிக்க முடியாது. திறந்த மூடி என்பது ஒரு பாய்மரம். பின்னாலிருந்து ஒரு காற்று உள்ளே புகுந்து மூடியை ஒரு சாண் தூக்கினால் கயிறு தொய்யும். காற்று விட்டதும் மூடி அந்த ஒரு சாணும் விழுந்து கயிற்றை வெட்டி இழுக்கும். அந்த உதறல் கப்பியையும் அதன் போல்ட்டையும் அடிக்கும். அதோடு, கயிறு போக ஒரு தூண் வேண்டும், அது இறக்கை வெளியே வரும் வழியில்தான் நிற்கும். வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும் என்பேன், அதுவும் பிரேக் உள்ள வின்ச்சாக இருந்தால்.

கடைசியாக, யாருமே ஒரு 'வழி' என்று எண்ணாத முட்டுக்கம்பி. ஒரு எஃகுக் குழாய், இரு முனையிலும் பின். கீழ்முனை டிரெய்லரின் சட்டத்தில் உட்கார வேண்டும், பலகைத் தரையில் அல்ல. மேல்முனை மூடியின் விலாச்சட்டத்தில் அந்தப் பின்னைச் செருகிப் பூட்டப்பட வேண்டும். சும்மா முட்டு மட்டும் கொடுத்தால் காற்று மூடியைத் தூக்கும்போது கம்பி நழுவி விழும். இன்னொரு சின்ன ஏற்பாடும் உண்டு: ஒரு பக்கம் நீளவாக்கில் திறந்த குழாய்த் துண்டை, வெளியே நீண்டிருக்கும் ராடின் நீளத்துக்கே வெட்டி, ராடின் மேல் கவ்வ விடுவது. ஸ்பிரிங் அமுங்கவே முடியாது. உள்பக்கம் பிளாஸ்டிக் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் ராடில் கீறல். ஆனால் பிராக்கெட் பிடுங்கிக்கொண்டால் இந்தக் கவ்வு உதவாது, முட்டுக்கம்பி உதவும். அதனால் நான் முட்டுக்கம்பியின் பக்கம்.

ஆக, நான் தேர்ந்தெடுத்தது ஒன்றல்ல, ஒரு ஜோடி. தூக்குவதற்கு அளந்து வாங்கிய இரண்டு கேஸ் ஸ்பிரிங், தாங்குவதற்கு பின் போட்ட ஒரு முட்டுக்கம்பி. மோட்டாரை, உடம்பு முடியாதவர் தனியாகக் கிளைடரின் பாகங்களைக் கோக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும் பரிந்துரைப்பேன். அப்போதும் முட்டுக்கம்பி இருக்கட்டும்.

ஸ்பிரிங் மாற்றும் நாளில் கிளைடரை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். காற்று இல்லாத நேரமாகப் பார்த்து, மூடியை முழுக்கத் திறந்து, இரு பக்கமும் முட்டுக் கொடுங்கள். போல்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆடினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, கழற்றலாம். இறுகி நின்றால் அதில் இன்னும் விசை இருக்கிறது என்று அர்த்தம். மூடியை இன்னும் ஒரு விரல் உயர்த்தி, முட்டைச் சரிசெய்து, மறுபடி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். புதியதை மாட்டியதும் குழாயின் மேல் பெயின்ட் பேனாவால் தேதியையும் நியூட்டனையும் எழுதுங்கள், ராடில் வேண்டாம். அச்சு அழிந்த பிறகு அந்த எழுத்துதான் அடுத்தவருக்குத் தராசு மாட்டும் வேலையை மிச்சப்படுத்தும்.