ஹாக்நோஸுக்கு இரை கொடுக்கும் 30 செ.மீ. இடுக்கி: வாங்கலாமா?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வளைந்த நுனி, நுனியில் ரப்பர் உறை. அமெரிக்காவில் ஊர்வன விற்கும் கடைகளில் வெஸ்டர்ன் ஹாக்நோஸ் (லேசான விஷமுள்ள சிறு வட அமெரிக்கப் பாம்பு) வாங்குபவர்களுக்குச் சேர்த்தே காட்டுகிற இடுக்கி இது. வாங்கலாம். பாம்பு வீட்டுக்கு வருவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

நம்மூர்ப் பச்சைப் பாம்பைப் போலவே ஹாக்நோஸுக்கும் பெரிய பற்கள் மேல்தாடையின் பின்பக்கம் இருக்கின்றன; இப்படிப்பட்டவை ‘பின்பல்’ பாம்புகள். (பச்சைப் பாம்பை வீட்டில் வைத்திருப்பது இங்கே சட்டப்படி குற்றம்.) பட்டென்று கொத்திவிட்டு விலகினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கவ்விக்கொண்டு மென்றால்தான் விஷம் உள்ளே இறங்கும். அது அப்படி மெல்லுவது விரலை இரை என்று நினைக்கும்போது. எலி வாசனையுள்ள கையை அதன் முகத்துக்கு நேரே நீட்டுவதுதான் ஆபத்து. அந்தக் கையை விலக்கி வைப்பதே இடுக்கியின் வேலை.

பெட்டை ஹாக்நோஸ் 60 முதல் 90 செ.மீ. வரை வளரும், ஆண் இன்னும் சிறியது. பாயும் தூரமும் குறைவு என்பதால் 30 செ.மீ. தாராளம். உறைந்த எலியை முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள். பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டு வெந்நீரில் வைத்து, உடல்சூடு வந்ததும் எடுங்கள். இடுப்புப் பக்கம் பிடித்து, தலை பாம்பை நோக்கி இருக்கும்படி நீட்டுங்கள். கவ்வியதும் இடுக்கியைத் தளர்த்திவிட வேண்டும், இழுத்து விளையாட்டுக் காட்டக் கூடாது. அடுத்த 48 மணி நேரம் பாம்பைக் கையில் எடுக்காதீர்கள்.

இந்த இடுக்கியின் பலவீனம் ரப்பர் உறை. வெந்நீரில் கழுவக் கழுவத் தளர்ந்து, ஒரு நாள் எலியோடு சேர்ந்து கழன்று பாம்பின் வயிற்றுக்குள் போய்விடும். ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள், அசைந்தால் மாற்றுங்கள். உறையே இல்லாத மாடலை வாங்கினால், வரிவரியான இரும்பு நுனியைக் கடித்து ஈறு கிழியும், வாய்ப்புண் வரும். தகடுகள் சேரும் மூட்டில் ஈரம் தங்கினால் துருப்பிடிக்கும், துடைத்து வையுங்கள்.

ஃபால்ஸ் வாட்டர் கோப்ரா என்ற தென் அமெரிக்கப் பின்பல் பாம்பு வைத்திருப்பவர்களுக்கு இது போதாது. அது 2 மீட்டரைத் தாண்டும், 60 செ.மீ. இடுக்கியும் பாம்பைத் தூக்கும் கொக்கியும் வேண்டும். சிவப்புக் கழுத்துக் கீல்பேக் என்ற ஆசியப் பாம்புக்கோ எந்த இடுக்கியும் பதில் இல்லை. சாதுவான பாம்பு என்று கடைகளில் விற்கப்பட்ட அதன் கடி, இரத்தம் உறையும் தன்மையையே குலைக்கும். ‘பின்பல்தானே’ என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. சிகாகோவின் பாம்பு ஆய்வாளர் கார்ல் பேட்டர்சன் ஷ்மிட் 1957-இல் இறந்தது ஓர் இளம் பூம்ஸ்லாங்கின் (ஆப்பிரிக்க மரப்பாம்பு) கடியால்தான். அதுவும் பின்பல் வகை.

இவ்வளவுக்குப் பிறகும் ஹாக்நோஸ் விரலைக் கவ்விவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், பல் உடைந்து உள்ளே தங்கும். குழாயின் குளிர்ந்த நீரில் அதன் முகத்தைக் காட்டினால் பெரும்பாலும் விடும். விடாவிட்டால் தாடைக்கு நடுவே பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து மெதுவாக நெம்புங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டு சோப்பால் கழுவுங்கள். கட்டு, ஐஸ், கீறல் எதுவும் வேண்டாம். வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் குறித்து நேரத்தையும் எழுதுங்கள். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவமனை. வீக்கம் மணிக்கட்டைத் தாண்டினாலும் கொப்புளம் போட்டாலும் மருத்துவரிடம் போய் இரத்தத்தட்டு (பிளேட்லெட்) எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்லுங்கள்; ஹாக்நோஸ் கடித்து அது குறைந்துபோனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இதற்கென்று விஷமுறிவு மருந்து கிடையாது.