டி-மேனோஸ் தூள்: சிறுநீர்த் தொற்றைத் தடுக்குமா?

சிறுநீர்ப்பாதைத் தொற்று அடிக்கடி திரும்பவரும் பெண்களுக்கென விற்கப்படும், ஒருவகைச் சர்க்கரையான டி-மேனோஸ் தூள், மெல்லிய இனிப்புடன், கட்டி தட்டாமல் தண்ணீரில் உடனே கரைகிறது. குடிப்பதில் எந்தச் சிரமமும் இல்லை.

டப்பாவில் அச்சிட்டிருக்கும் விளக்கமும் அடிப்படையில் சரியானதே. இத்தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை பாக்டீரியாவின் மேற்பரப்பில் மயிரிழை போன்ற நீட்சிகள் உள்ளன. அவற்றின் நுனியிலிருக்கும் ஃபிம்ஹெச் என்னும் புரதம், சிறுநீர்ப்பையின் உட்சுவர் செல்கள்மீதுள்ள மேனோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. சிறுநீர் பாயும் வேகத்தில் அந்தப் பிடி தளராமல் மேலும் இறுகுவது உண்மையிலேயே வியப்புக்குரியது. தூளிலுள்ள மேனோஸ் அப்புரதத்தின் பிடிக்குள் முந்திக்கொண்டு அமர்ந்துவிட்டால், ஒட்ட இடமின்றி பாக்டீரியா வெளியேறிவிடும் என்பதே கணக்கு.

ஆனால், அதே புரதத்தின் துணையுடன் பாக்டீரியா செல்லுக்குள்ளும் நுழைந்து, அங்கே பெருகிப் பதுங்குகிறது என்பதை டப்பா சொல்வதில்லை. தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரிட்டனில் 598 பெண்களிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் தினமும் 2 கிராம் உட்கொண்டவர்களில் 51 சதவீதத்தினரும், மருந்தற்ற போலித் தூள் உட்கொண்டவர்களில் சுமார் 56 சதவீதத்தினரும் மீண்டும் தொற்று அறிகுறிகளுடன் மருத்துவ உதவியை நாடினர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. எனவே தொற்றைத் தடுப்பதற்காக இதைப் பணம் கொடுத்து வாங்குமாறு நான் பரிந்துரைக்க மாட்டேன். காய்ச்சலோ விலாவலியோ சேர்ந்திருந்தால், இத்தூளை நம்பித் தாமதிக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.